வகுப்பில் மூத்தவன், மைதானத்தில் இளையவன்

கேள்வி: என் மகன் 2012 டிசம்பரில் பிறந்தவன், கடலூரில் 8-ஆம் வகுப்பு படிக்கிறான். உயரம் 145 செ.மீ. வகுப்பு நண்பர்களோடு கால்பந்து ஆடினால் பந்து இவன் காலை விட்டுப் போகாது. ஆனால் 14 வயதுக்குட்பட்டோர் அணித் தேர்வுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்படுகிறான். “ஆட்டம் நல்லாத்தான் இருக்கு, உடம்புதான் பத்தல” என்கிறார் பயிற்சியாளர். இன்னும் சில நாள் கழித்துப் பிறந்திருந்தால் 2013 ஆகியிருக்கும், சான்றிதழில் தேதியை மாற்றிவிடலாம் என்று என் தம்பி சொல்கிறான். உயரம் கூட ஒரு பவுடரும் வாங்கி வந்திருக்கிறான். அடுத்த ஆண்டு இவன் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போயாக வேண்டுமாம். அங்கே பெரிய பையன்களிடம் என்ன ஆவானோ என்று பயமாக இருக்கிறது. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பலாமா, ஆட்டத்தை விட்டுவிட்டுப் படிப்பைப் பார் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் பயிற்சியாளர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் அவசரமானது. பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கிறது என்றோ, வளர்த்ததில் நீங்கள் எதையோ விட்டுவிட்டீர்கள் என்றோ மனம் வருந்த வேண்டாம். முதலில் தேதிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கைக்கு ஜூலை 31 தான் கணக்கு. அந்த நாளில் 5 வயது நிறைந்திருக்கும் குழந்தை 1-ஆம் வகுப்பில் சேர்கிறது. ஆகவே உங்கள் மகனோடு 8-ஆம் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 2012 ஆகஸ்டுக்கும் 2013 ஜூலைக்கும் இடையில் பிறந்தவர்கள். அவர்களுக்குள் டிசம்பரில் பிறந்த இவன் மூத்த பாதியைச் சேர்ந்தவன். கால்பந்துப் போட்டிகளுக்கோ ஜனவரி 1 தான் கோடு. இந்தக் கல்வியாண்டின் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 2012 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள் ஆடலாம். 2013-இல் பிறந்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு என்றாலும், அணியை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் 2012-இல் பிறந்தவர்களே. அந்த ஆண்டின் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பிறந்தவர்கள் இப்போது 9-ஆம் வகுப்பில் படிக்கிறார்கள். பயிற்சியாளர் உங்கள் மகனை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு வகுப்பு மேலே படிக்கும், ஏறத்தாழ 11 மாதம் மூத்த பையன்களோடு. வகுப்பு நண்பர்களிடையே பந்து அவன் காலை விட்டுப் போகாததும், தேர்வில் அவன் கண்ணுக்கே படாமல் போவதும் முரண்பாடாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். இரண்டும் ஒரே தேதியின் இரண்டு விளைவுகள்.

11 மாதம் என்பது பெரியவர்களுக்குப் பொருட்டே இல்லை. 13 வயதுப் பையனுக்கு அது அவன் வாழ்ந்த காலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு. வளர்ச்சி வேகம் பிடிக்காத வயதிலேயே ஆண்டுக்கு 5 செ.மீ. அளவில் உயரம் கூடும். வேகம் பிடித்துவிட்டால் 8, 9 செ.மீ. கூடுவதும் உண்டு. அணித் தேர்வு நடக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவரை ஒருவர் அறியாத பையன்களைப் பக்கத்துக்குப் 11 பேராக முழு மைதானத்தில் நிறுத்தி, கால் மணி நேரமோ அரை மணி நேரமோ ஆடவிடுகிறார்கள். பழக்கமில்லாத அணி என்பதால் யாரும் யாருக்கும் பாஸ் கொடுப்பதில்லை. பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிறார்கள். அதில் தலையால் முட்டி எடுப்பவனும், தோளால் இடித்து முந்துபவனும், மைதானத்தின் அந்தக் கோடிவரை உதைப்பவனும் தெரிகிறார்கள். சிறிய பையனை விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், போடுவார்கள். அவனிடம் பந்து வந்து சேர்வதற்குள் விசில் ஊதிவிடும். இந்த முறையில் பார்த்தால் எந்தப் பயிற்சியாளருக்கும் உடம்புதான் தெரியும், ஆட்டம் தெரியாது.

இதை உலகம் கவனிக்கத் தொடங்கிச் சுமார் 40 ஆண்டுகள் ஆகின்றன. கனடாவில் ஐஸ் ஹாக்கி இளையோர் அணிகளின் பிறந்த தேதிகளை ஆராய்ந்த உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருப்பதை 1985-இல் எழுதினார்கள். கால்பந்திலும் நாடு நாடாக இதே சாய்வு காணப்பட்டது. மார்கழியில் பிறந்தவனைவிடத் தையில் பிறந்தவனுக்குக் கால் நன்றாக வரும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். 9, 10 வயதில் சற்றே பெரியவனாக இருந்ததற்காக ஒருவன் தேர்ந்தெடுக்கப்படுகிறான். தேர்வானதால் அவனுக்கு நல்ல பயிற்சியும், கூடுதல் ஆட்டங்களும், வெளியூர்ப் போட்டிகளும் கிடைக்கின்றன. “நீ கெட்டிக்காரன்” என்று நான்கு பேர் சொல்கிறார்கள். 14 வயதுக்குள் அவன் உண்மையாகவே மேலான ஆட்டக்காரனாகிவிடுகிறான். முதலில் இல்லாத வித்தியாசத்தைத் தேர்வே உண்டாக்கிவிடுகிறது. கழிக்கப்பட்டவர்களில் பலர் ஆட்டத்தையே விட்டுவிடுவதால், கணக்கு இன்னும் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

போட்டி போடும் கூட்டம் பெருகப் பெருக இந்தச் சாய்வும் கூடும். பெண்கள் கால்பந்தில் பல நாடுகளில் அது மெலிதாகத் தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் கடலூர், இந்துமதி கதிரேசன் போன்ற இந்திய ஆட்டக்காரரைத் தந்த ஊர். அங்கே பெண் குழந்தைகளின் தேர்வில் பிறந்த மாதத்தைப் பற்றிய புகார் அதிகம் எழுவதில்லை. இடத்துக்கு மேல் ஆள் நிற்கும்போதுதான் எதையாவது வைத்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. அப்போது முதலில் கண்ணில் படுவது உயரம்.

கோட்டை வேறு தேதிக்கு நகர்த்தினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் 1997-இல் இளையோர் கால்பந்தின் கோடு ஆகஸ்டு 1-லிருந்து ஜனவரி 1-க்கு மாறியது. அதுவரை ஆகஸ்டு, செப்டம்பரில் பிறந்தவர்கள் பக்கம் இருந்த அனுகூலம் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் பக்கம் நகர்ந்துவிட்டதை வெர்னர் ஹெல்சன் குழுவினர் காட்டினார்கள். கோட்டை எங்கே போட்டாலும் அதன் வாலில் சில குழந்தைகள் நிற்கத்தான் செய்வார்கள். அமெரிக்காவில் 2017-ஐ ஒட்டி எல்லோரையும் ஜனவரி 1 கணக்குக்குக் கொண்டுவந்தார்கள்; அதனால் ஒரே வகுப்பு நண்பர்கள் இரண்டு வயதுப் பிரிவுகளாகப் பிரிகிறார்கள் என்ற பெற்றோர் மனக்குறை தீராததால், அங்குள்ள பெரிய இளையோர் அமைப்புகள் 2026–27 பருவத்திலிருந்து மறுபடியும் ஆகஸ்டு 1 கணக்குக்குப் போகின்றன. அது நண்பர்களைச் சேர்த்துவைக்கும், சாய்வை நீக்காது.

அந்தப் பிரிவினைதான் அடுத்த ஆண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வரப்போகிறது. என் கணிப்பில், டிசம்பர் மாதத்தைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். நம் பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 என்று மூன்றே படிகள். அடுத்த கல்வியாண்டில் உங்கள் மகனின் வகுப்பு நண்பர்களில் 2013-இல் பிறந்தவர்கள் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவிலேயே இன்னும் ஓராண்டு ஆடுவார்கள். இவன் மட்டும் 17-க்குப் போவான். அங்கே 2010 ஜனவரியில் பிறந்தவர்கள் வரை இருப்பார்கள். 13 வயதுப் பையன், மீசை அரும்பிய 16 வயதுப் பையன்களோடு தோள் உரசப் போகிறான். பள்ளி அணியில் பெயர் இருந்தாலும் குறுவட்டப் போட்டியில் அவன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். அந்த ஓராண்டு, சில சமயம் ஈராண்டு, ஆடாமலே கழியும். நல்ல கால் உள்ள பையன்கள் பலர் இந்த இடைவெளியில்தான் காணாமல் போகிறார்கள். கழித்துவிட்டார்கள் என்று யாரும் குறித்து வைப்பதில்லை. மாலையில் வருவதைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இதை இப்போதே எதிர்பார்த்துத் திட்டமிட வேண்டும்.

திட்டத்துக்கு முன், அவன் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த மாதம் வேறு, உடல் முதிர்ச்சி வேறு. ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவன் 12 வயதிலும் மற்றவன் 15 வயதிலும் விறுவிறுவென்று உயரலாம். ஆண் பிள்ளைகளுக்கு அந்த வேகத்தின் உச்சம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது, பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டி. வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தந்தையின் உயரத்தையும் தாயின் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, ஆண் பிள்ளை என்றால் அதோடு 13-ஐச் சேர்த்து, பாதியாக்குங்கள். தந்தை 168, தாய் 155 என்று வைத்துக்கொண்டால் 168 வரும். இது தோராயம்தான், பத்து சென்டிமீட்டர் வரை இப்படியோ அப்படியோ போகலாம். உங்கள் மகனின் 145 அந்த 168-இல் ஏறத்தாழ 86 விழுக்காடு. பெரும்பாலான பையன்களுக்கு வேகம் பிடிக்கத் தொடங்கும் இடம் இதுதான். அப்படியானால் அவனுடைய வேக வளர்ச்சியில் பெரும்பகுதி இனிமேல்தான் இருக்கிறது. தேர்வில் அவனை முந்திய 9-ஆம் வகுப்புப் பையன்களில் சிலருக்கு அது முடிந்தேபோயிருக்கலாம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்கள் 2015 முதல், பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங் போன்றோரின் துணையோடு, வயதைப் பார்க்காமல் இந்த விழுக்காட்டைப் பார்த்து அணி பிரித்துச் சில போட்டிகளை நடத்தியிருக்கின்றன. எதிர்பார்க்கும் இறுதி உயரத்தில் 85 முதல் 90 விழுக்காடு எட்டியவர்கள் ஒரு குழு என்பதைப்போல. அங்கே, வழக்கமாக இடித்துத் தள்ளியே பந்தை எடுத்த பையன்கள் முதல்முறையாக யோசித்து ஆட வேண்டியிருந்தது. வழக்கமாக ஒதுங்கி நின்றவர்கள் ஆட்டத்தை நடத்தினார்கள். பெல்ஜியம் தாமதமாக முதிரும் பையன்களுக்கென்றே தனித் தேசிய இளையோர் அணி வைத்திருக்கிறது. நம் மாவட்டங்களில் இப்போதைக்கு அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது.

ஆயினும் மனம் தேற ஒன்று சொல்கிறேன். பிரான்ஸ் ஆடுகிறது என்றால் தூக்கத்தைத் தொலைக்கும் எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு இது தெரிந்த செய்திதான். கிலியான் எம்பாப்பே பிறந்தது 1998 டிசம்பர் 20. பிரான்சிலும் ஜனவரி 1 கணக்குதான். அந்துவான் கிரீஸ்மான் பிறந்தது மார்ச்சில். ஆனால் சிறுவயதில் உருவம் சிறியது என்று பிரெஞ்சுக் கழகங்கள் அவரை வேண்டாம் என்றதால் ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்தார். 2018-இல் இருவரும் சேர்ந்துதான் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். இரண்டு பெயர்களை வைத்து ஆயிரம் பையன்களின் கணக்கை மறுத்துவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் டிசம்பரும் குட்டை உருவமும் கதவைச் சாத்திவிடுவதில்லை. கொஞ்சம் தாமதமாகத் திறக்கின்றன.

இனி உங்கள் தம்பியின் யோசனை. தேதியைத் தொடவே வேண்டாம். நம் ஊரில் முந்தைய தலைமுறையில் பாதிப்பேருக்குப் பள்ளிப் பதிவேட்டில் மே, ஜூன் பிறந்தநாள்தான். சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதியதே பிறந்த தேதி. அந்தக் காலப் பழக்கத்தில் தாய்மாமனுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றியிருக்கும். இன்று பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் எமிஸ் பதிவு (கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு), நாளைக்குப் பாஸ்போர்ட் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். முரண்பாடு வெளிப்பட்டால் பையன் மட்டுமல்ல, அவன் ஆடிய அணியும் போட்டியிலிருந்து நீக்கப்படும். வயதில் ஏமாற்றியவன் என்ற பெயர் 13 வயதிலேயே ஒட்டிக்கொள்ளும். மூத்த பையன்கள் வயதைக் குறைத்துக் காட்டி இறங்குகிறார்கள் என்ற ஆற்றாமை உங்களுக்கும் இருக்கலாம். அது உண்மையாகவே நடக்கிறது. அதற்காகத்தான் ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் எலும்பின் முதிர்ச்சியைக் காண மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறது. அதைக் கண்டால் போட்டி நடத்துவோரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நீங்களும் அதே வழியில் இறங்க வேண்டாம்.

பவுடர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எலும்பை நீட்டும் மாவு எந்தக் கடையிலும் இல்லை. முட்டை, பால், கொண்டைக்கடலை, கடலூரில் தாராளமாகக் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும், இரவில் 9 மணி நேரத் தூக்கம் இவை போதும். சுவரில் கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆண்டுக்கு 4 செ.மீ.கூட ஏறவில்லை என்றாலோ, 14 வயது முடிந்தும் பருவ மாற்றத்தின் தொடக்கமே இல்லை என்றாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஊசி, மாத்திரை எதுவும் தேவையில்லை. உயரம் திடீரென்று ஏறத் தொடங்கும் மாதங்களில் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலும் வலி வரும். எலும்பு முந்திக்கொள்ளத் தசைநார் இழுபடுவதால் வருவது அது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடு என்று யாரும் அவனிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, பந்தோடு நின்று செய்யும் பயிற்சிகளைக் கொடுக்கலாம். அப்போது சில மாதங்கள் கால் சொன்னபடி கேட்காது, பந்து துள்ளிப் போகும். அதையும் திறமை குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வாரத்தில் எத்தனை முறை பந்து அவன் காலுக்கு வருகிறது? பெரிய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காருவதைவிட, பெயரில்லாத அணியில் முழு நேரமும் ஆடுவது அவனுக்கு நல்லது. பள்ளியின் 17 வயது அணியில் பெயர் கொடுக்கட்டும். ஆனால் மாலையில் வகுப்பு நண்பர்களோடு ஐவர் ஆட்டம் தொடரட்டும், ஒரு நாளாவது தன்னைவிடச் சிறியவர்களோடு ஆடி ஆட்டத்தை நடத்தும் அனுபவத்தைப் பெறட்டும், ஒரு நாள் பெரியவர்களோடு ஆடி முடிவை விரைவாக எடுக்கப் பழகட்டும். சிறிய உருவத்தோடு பெரியவர்களிடையே பிழைக்க ஒரு பழக்கம் மிக உதவும்: பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது. பார்த்துவிட்டவன் முதல் தொடுதலிலேயே பந்தை ஆள் இல்லாத பக்கம் தள்ளிவிடுவான். இடிக்க வருகிறவனுக்கு இடிக்க ஆள் கிடைக்காது. லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்தில் மாலை ஆட்டங்களைப் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது பையன்களின் காலை அல்ல, கழுத்தைத்தான். இடது காலையும் இப்போதே பழக்கட்டும். உயரம் வந்தபின் அதைப் பழக்குவது கடினம்.

பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், வேண்டுகோளாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். நெதர்லாந்தில் டேவிட் மான் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வீரர்களைத் தேடிப் பொறுக்குபவர்களிடம் பிறந்த தேதிகளை எழுதிக் கொடுத்தும் அவர்கள் மூத்த பையன்களையே தேர்ந்தெடுத்தார்கள். வயது வரிசைப்படியே சட்டை எண்ணைக் கொடுத்து, அதைச் சொல்லியும் வைத்தபோது அந்தச் சாய்வு மறைந்தது. காகிதத்தில் இருக்கும் தேதி கண்ணுக்கு எட்டுவதில்லை, முதுகில் இருக்கும் எண் எட்டுகிறது. செலவே இல்லாத வேலை இது. அடுத்த தேர்வில் ஜனவரியில் பிறந்தவனுக்கு 1 என்று தொடங்கி வரிசையாக எண் கொடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். முழு மைதானத்துக்குப் பதிலாக ஐந்து ஐந்து பேராகவும் ஒருமுறை ஆடவிடச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் இதை மறுப்பதில்லை. யாரும் சொல்லாததால் செய்வதில்லை.

ஆட்டத்தை நிறுத்தும் பேச்சை அவன் காதில் போட வேண்டாம். 13 வயதில் மாலை ஒரு மணி நேர ஆட்டம் படிப்பைக் கெடுப்பதாக நான் பார்த்ததில்லை. விளையாட்டு விடுதியைப் பொறுத்தவரை, அங்கே சேர்க்கை வகுப்புவாரியாக நடக்கிறது; அந்த வரிசையில் இவன் இளையவன் அல்ல. எனவே 9-ஆம் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வுக்கு அனுப்புங்கள். ஆனால் விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பில் வயது வரம்புத் தேதியை நீங்களே படித்துப் பாருங்கள். போட்டிக்குப் போட்டி அது மாறலாம், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். கிடைத்தால், விடுதிப் பயிற்சியாளரிடம் அவன் இன்னும் வளராதவன் என்பதைச் சுவர்க் கணக்கோடு சொல்லிவிடுங்கள். கிடைக்காவிட்டால் 11-ஆம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு. அப்போது அவனுக்கு 15 வயது நடந்துகொண்டிருக்கும், உயரத்தின் பெரும்பகுதி வந்திருக்கும், அந்தத் தேர்வில் இன்றைய 145 யாருக்கும் நினைவிருக்காது.